முகம் இல்லாத சக்கரம்

எங்கள் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்து சில மாதங்கள் ஆகின்றன. மண்ணூர்பேட்டையில் முன்பக்கம் தகர ஷெட்டும் பின்பக்கம் வீடுமாக இருக்கிற இடம் அது. தூசி படாமல் இருக்க என் மனைவி தன் பழைய புடவை ஒன்றை வெட்டி அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறாள். கோயில்களுக்கும் கடைகளுக்கும் நாங்கள் செய்து தருகிற விளக்குப் பலகைகளில் எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்பதை அதில்தான் எழுதுகிறாள். எழுதி முடித்ததும் திரையிலேயே ஒருமுறை ஓடவிட்டு என்னைக் கூப்பிடுவாள்.

"இன்னா தெரியுது, சொல்லுங்க."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அந்தப் பெட்டியில் எதையும் தொட எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியும். மயிலின் கழுத்து நடுவில் அறுந்து தெரிகிறது என்பேன். நீரூற்று மேலே ஏறாமல் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது என்பேன். அவள் ஏன் என்று கேட்க மாட்டாள். திரும்பி உட்கார்ந்து மாற்றுவாள். எங்கள் தொழிலில் விளக்கு, கம்பி, சில்லு எல்லாவற்றுக்கும் அப்புறம் கடைசியாக ஒரு பாகம் உண்டு, அது தெருவில் நின்று பார்க்கிறவரின் கண் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டது எண்பதுகளின் கடைசியில், ஓர் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அப்போது நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து லைட் டெக்கரேஷன் வேலை செய்துகொண்டிருந்தோம். பேசுவது, வேலை பிடிப்பது, சண்டை போடுவது எல்லாம் மச்சான். பலகையில் படம் வரைந்து, ஓட்டை போட்டு, ஹோல்டர் மாட்டி, கம்பி இழுப்பது நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்கிற வேலை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்குகளை ஓடவைக்க எங்களிடம் ஒரு மர உருளை இருந்தது. சோற்றுக் குண்டான் அளவு பருமன். அதன்மேல் செம்புத் தகடுகளைத் துண்டு துண்டாக ஆணி அடித்திருப்போம். சின்ன மோட்டார் அதைச் சுற்றும். பித்தளைப் பட்டைகள் அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். தகடு படும்போது விளக்கு எரியும், மரம் படும்போது அணையும். உரசுகிற இடத்தில் நீலமாகப் பொறி பறக்கும். மழைக்காலத்தில் பக்கத்தில் போகவே பயமாக இருக்கும். மச்சான் அதைத் தன் கையால் செய்தவர். யாரிடமோ பார்த்த உருளையை அப்படியே அளவெடுத்துச் செய்தது.

என் மனைவி பக்கத்துத் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து பச்சைப் பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்களைச் சொருகி ஈயம் பற்றவைக்கிற வேலை. அவளுக்குக் கை சுத்தம். பத்தாவது வரை படித்ததால் படத்தைப் பார்த்து மின்சுற்றைப் புரிந்துகொள்வாள். அவளுக்கு மனக்குறை ஒன்றே ஒன்றுதான். தான் பற்றவைக்கிற பலகை எதற்குள் போகிறது என்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் சூப்பர்வைசர், "போற எடத்துக்குப் போவும், நீ கைய பாரும்மா" என்பார். ஆரம்பித்ததை முடித்துப் பார்க்கிற வேலை வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒருநாள் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவிலிருந்து, ஐ.சி. என்கிற சில்லுகள் இரண்டை வாங்கி வந்தாள். ஒன்று நாடி மாதிரித் துடிக்கும். இன்னொன்று அந்தத் துடிப்பை எண்ணி, ஒவ்வொரு எண்ணுக்கும் தன் கம்பிக்கால்களில் ஒன்றில் மின்சாரம் கொடுக்கும். உருளை செய்கிற வேலையை இந்த இரண்டும் செய்துவிடும், பொறி கிடையாது, மோட்டார் கிடையாது என்றாள். மச்சான் நம்பவில்லை. கடைசியில் மூன்று பேருமாக ஒரு பேச்சுக்கு வந்தோம். ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தெரு அம்மன் கோயிலில் சில்லு வைத்த பலகை. அது நன்றாக ஓடினால் அவள் கம்பெனியை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்துகொள்வாள். ஓடவில்லையென்றால் உருளையே போதும், அவளும் வழக்கம்போல் காலை ஷிப்டுக்குப் போக வேண்டும். அவள் இதைத் தன் வரிசைப் பெண்களிடமும் சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் காதிலும் விழுந்திருக்கிறது. "பல்பு போட்டுப் பொழைக்கப் போறியா? உன் சீட்ட தொடச்சி வைக்கிறேன், திங்கக்கெழம வந்துடு" என்றாராம். வரிசைப் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூட்டமாக வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

படம், அம்மன் தேர். இரண்டு குதிரைகள் இழுக்கும், தேருக்குப் பெரிய சக்கரம், உள்ளே அம்மன். குதிரை ஓடுவதற்கு இரண்டு நிலை போதும். கால் மடக்கிய குதிரை ஒன்று, கால் நீட்டிய குதிரை ஒன்று. மாறி மாறி எரிந்தால் குதிரை ஓடும். சக்கரத்தின் ஆரங்களையும் அதே இரண்டு கம்பிகளில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. யாருக்கு முதலில் தோன்றியது என்று இப்போது நினைவில்லை. மூன்று பேரும் சரி என்றோம். சில்லில் எத்தனை கால் இருந்தாலும், ஒவ்வொரு காலுக்கும் தனியாக ஒரு சுவிட்ச் பாகம் வேண்டும், அது சூடாகும், குறைந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டின் ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி ஓடவிட்டோம். குதிரை பாய்ந்தது. பின்னாலேயே சக்கரம் உருண்டது. மச்சான் ஒரு பீடியைப் பற்றவைத்தார். அவர் குறை சொல்லவில்லையென்றால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குக் கொண்டுபோனபோதுதான் இடப் பிரச்சினை வந்தது. மதில் நெடுக ஒரே வரிசையாகத் தேரும் குதிரையும் நிற்பதாக ஏற்பாடு. ஆனால் கூழ் காய்ச்ச அடுப்பு வெட்டியதில் மதிலோரத்தில் பாதி இடம் போய்விட்டது. வேறு வழியில்லாமல் வாசலுக்கு இடப்பக்கம் தேரையும் வலப்பக்கம் குதிரைகளையும் சவுக்குக் கழியில் கட்டினோம். நடுவில் வாசல், கொடிமரம், மாவிலைத் தோரணம். தேரையும் குதிரையையும் இணைக்க வாசலுக்கு மேலே ஒரு விளக்குச் சரத்தைக் கயிறு மாதிரி இழுத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் விளக்குப் போட்டோம். கூட்டம் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தது. அப்புறம் ஒரு முணுமுணுப்பு. கோயில் கமிட்டித் தலைவர், லாரி ஷெட் வைத்திருப்பவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு மச்சானிடம் வந்தார்.

"இன்னாப்பா இது, தேரு பின்னால போவுது?"

மச்சான் பார்த்தார். அவருக்கு முன்னால்தான் போனது. "எங்க தலைவரே பின்னால போவுது? நல்லா பாருங்க. குதிர பக்கமாத்தான் போவுது."

"எனக்குக் கண்ணு இல்லன்றியா? அம்மன் கோவிச்சிகினு ஊர வுட்டுப் போற மாதிரி கீது. மொதல்ல அத நிறுத்து."

பக்கத்தில் நின்ற ஒரு பெண் தலைவர் சொல்வதுதான் சரி என்றாள். அவள் வீட்டுக்காரர் இல்லை, முன்னால்தான் போகிறது என்றார். கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "காலையிலேயே ஊத்திகினு வந்துட்டியா மாமே" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்க, அங்கே தனியாக ஒரு சண்டை ஆரம்பித்தது. என் மனைவி கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டோமா என்று என்னைக் கண்ணால் கேட்டாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். கம்பியில் தப்பில்லை.

கமிட்டியில் கணக்குப் பார்க்கிறவர், ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு எங்கள் பக்கம் வீடு கட்டி வந்தவர். திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் படம் வரைகிற வேலை. அவர்தான் கையைத் தட்டி எல்லோரையும் நிறுத்தினார்.

"சண்ட போடாதிங்கய்யா. சக்கரம் எந்தப் பக்கம் உருளுதுன்னு அவங்கவங்க கண்ணுக்குத் தெரியுதோ, அந்தப் பக்கமா கைய நீட்டுங்க. பேசப்பிடாது."

எல்லோரும் கையை நீட்டினார்கள். அந்தக் காட்சி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. பாதிக் கைகள் குதிரைப் பக்கம், பாதிக் கைகள் எதிர்ப்பக்கம். பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களின் கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. புருஷன் கை ஒரு பக்கம், பெண்டாட்டி கை ஒரு பக்கம். பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டிருக்கும்போதே, "அடியே, இப்ப மாறிப்போச்சுடி" என்று கையை மறுபக்கம் திருப்பினாள். முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் தெருவே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிப்பா சிரிக்குது பாரு அம்மன் தேரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, இல்லாட்டி கழட்டு. பூந்தமல்லி லைட்டு ஆளுங்கள வரச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கூட்டம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்கும் முன்னால்தான் போனது. அந்த அம்மாள் மாறிப்போச்சு என்றதும் எனக்கும் மாறியது. மனசுக்குள் திருப்பு என்றால் திரும்பியது. கம்பியும் சில்லும் அப்படியே இருக்க, திரும்புவது எது? ஒரே ஓர் ஆரத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். அது அணைந்ததும் அதற்கு வலப்பக்கத்து ஆரமும் எரிந்தது, இடப்பக்கத்து ஆரமும் எரிந்தது. இரண்டும் ஒரே தூரம். அணைந்த வெளிச்சம் எங்கே போனது என்று கண் தேடும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆள் நின்றால் எந்தப் பக்கம் போகும்? தனக்குப் பிடித்த பக்கம் போகும்.

அப்படியானால் ஷெட்டில் ஏன் எங்கள் மூன்று பேருக்கும் சரியாகத் தெரிந்தது? குதிரை பக்கத்தில் இருந்தது. குதிரைக்கு முகம் இருக்கிறது. குதிரை எங்கே பார்க்கிறதோ அங்கேதான் ஓடும் என்று கண்ணுக்குத் தெரியும். காலுக்கு இரண்டே நிலை கொடுத்தாலும் பின்னால் ஓடுகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சக்கரத்துக்கு முகம் கிடையாது. பக்கத்தில் குதிரை இருந்தவரை அதன் முகத்தைக் கடன் வாங்கிக்கொண்டது. வாசலுக்கு இந்தப் பக்கம் தனியாகக் கட்டியதும் அதற்குத் திசை தெரியவில்லை.

இதைக் கூட்டத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை காலையில் மச்சான் வந்து நேராக ஏணியைச் சாத்தி, பரணிலிருந்து உருளையை இறக்கினார். "போதும் மாப்ளே. அழகா ஓடிகினு இருந்தத வுட்டுட்டு வம்ப வெலைக்கு வாங்கிட்டோம். இத மாட்டு, சாயங்காலம் தேரு ஒழுங்கா போவும். தங்கச்சி, நீ கம்பெனிக்கே போம்மா. அதுவும் நல்ல வேலதான்." திட்டவில்லை. தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் சொன்னார். அவளுக்கு அது திட்டைவிட மோசமாகப் பட்டிருக்க வேண்டும். உருளையை ஒரு துணியால் துடைக்க ஆரம்பித்தாள், குனிந்த தலை நிமிராமல்.

துடைத்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். "இது குதிரைக்கு, இல்லண்ணே? ரெண்டு வரிசை. இது சக்கரத்துக்கு. மூணு வரிசை. இது ஏன் மூணு?"

மச்சான் யோசித்தார். "நான் பாத்த உருளையில மூணு இருந்திச்சி. மூணு அடிச்சேன்."

நானும் குனிந்து பார்த்தேன். மூன்று வரிசைத் தகடுகள், படி ஏறுகிற மாதிரி ஒன்றுக்கு அடுத்து ஒன்று தள்ளி. முதல் ஆரம் அணையும்போது இரண்டாவது எரியும். முன்பக்கம் அது ஒன்று தள்ளி நிற்கிறது. பின்பக்கம் பார்த்தால் எரிகிற ஆரம் இரண்டு தள்ளி இருக்கிறது. கண் பக்கத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும். எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போகும். எத்தனை வருஷமாக அந்தத் தகடுகளுக்கு நானே எண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறேன். எதற்கு மூன்று என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்டதில்லை.

"ரெண்டு நாளும் உருளைய வெச்சே ஓட்டிடலாம்" என்றார் மச்சான் மறுபடியும். "அது தெரிஞ்ச வண்டி."

அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக அவர்கள் இருவரும் பேசி முடிக்கிற விஷயத்தில் நான் தலையாட்டுவேன். அன்று வாய் திறந்தேன். "வேணா மச்சான். சில்லுலயே மூணு குடுக்கலாம். சக்கரத்துக்கு மட்டும் நான் கம்பி மாத்தறேன். சாயங்காலத்துக்குள்ள முடியும்."

மச்சான் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேசிட்டான்யா" என்றார். அவ்வளவுதான். உருளையை எடுத்து ஓரமாக வைத்தார்.

எனக்கு எளிதான வேலைதான் வந்தது. அவளுக்குத்தான் கணக்கு. குதிரைக்கு இரண்டு, சக்கரத்துக்கு மூன்று, எண்ணுகிற சில்லோ ஒன்று. அடுப்புக் கரியால் தரையில் கோடு போட்டுப் பார்த்தாள். சில்லை ஆறு வரை எண்ண வைத்தால் அதற்குள் குதிரை மூன்று முறை இரண்டு நிலையையும் முடிக்கும், சக்கரம் இரண்டு முறை மூன்று படியையும் முடிக்கும், இரண்டும் ஒன்றாக மறுபடி ஆரம்பத்துக்கு வந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்ததும் கரிக்கையாலேயே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் அவள் எழுதுவதும் இதே கோடுகள்தான் என்று சொல்வாள். எண்ணுவதைப் பெட்டி பார்த்துக்கொள்ளும். எதை எண்ணச் சொல்வது என்பதைக் கண்ணிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் கட்டி முடித்தோம். அவள் பெட்டியிடம் நின்றாள், நான் துண்டை எடுத்துக்கொண்டு தெருவின் எதிர்முனைக்குப் போனேன். உருளைக்கு மோட்டார் கொடுக்கிற வேகம்தான். இதில் ஒரு குமிழ் இருந்தது, திருப்பினால் வேகம் கூடும், குறையும். மெதுவாக இருந்தபோது ஒவ்வொரு ஆரமும் தனித்தனியாகக் கண்ணடித்தது, சக்கரமே தெரியவில்லை. துண்டை மேலே காட்டினேன். கூட்டினாள். ரொம்பக் கூட்டியதும் எல்லா ஆரமும் சேர்ந்து எரிந்து நடுங்கும் ஒரு தட்டாகிவிட்டது. துண்டைக் கீழே காட்டினேன். நடுவில் ஓர் இடம் வந்தது. விளக்குகள் மறைந்து, சக்கரம் உருண்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் முதல்நாளைவிட அதிகம். சிரிக்கலாம் என்று வந்தவர்கள்தான் பாதி. கம்பெனி வரிசைப் பெண்கள் தலையில் பூவோடு ஒரு கும்பலாக வந்து முன்னால் நின்றார்கள். கமிட்டிக் கணக்குப் பார்க்கிறவர் நேற்று மாதிரியே கையைத் தட்டி, எங்கே கையை நீட்டுங்க பார்ப்போம் என்றார். மனைவி சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைகள் எழுந்தன. எல்லாம் குதிரைப் பக்கம். பூக்கட்டுகிற அம்மாள் கொஞ்ச நேரம் சக்கரத்தை முறைத்துப் பார்த்து, "இன்னிக்கி மாறவே மாட்டேங்குதே" என்று குறைப்பட்டாள்.

தலைவர் கையை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். மச்சான் அவர் பக்கத்தில் போய் நின்று, "தலைவரே, உங்க கைய காணோமே" என்றார். தலைவர் தேரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் வலது கையை அவிழ்த்து, யாருக்கோ வழி காட்டுகிறவர் மாதிரி குதிரைப் பக்கம் நீட்டினார். "ஆங், போவுது, போவுது. நாளைக்கி அம்மன் பொறப்படற வரைக்கும் அணைக்காத."

வரிசைப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். அதற்குள் இருந்த பச்சைப் பலகையைப் பார்த்ததும் ஒருத்தி, "இத்தனை நாளா இந்த மாதிரிதான்டி பத்தவெச்சோம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. தேரையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மறுநாள் கூழ் ஊற்றி, அம்மன் வீதி சுற்றி வந்த பிறகு விளக்குகளைக் கழற்றினோம். பலகையை ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தோம். பின்முனை அவள் கையில். பின்னாலிருந்து சொன்னாள்:

"நாளைக்கிக் காலைல என்ன எழுப்பாதீங்க."

திங்கட்கிழமை. காலை ஷிப்டு சங்கு ஊதியது எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை, நல்ல தூக்கம்.